டிராயிங்கில் அளவு போடுவது: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் டிராயிங் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தால் மூன்று விதமான ஆட்கள் சந்தேகத்தோடு வருவார்கள். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முதல் வருஷப் பிள்ளைகள் ஒரு பக்கம். லேத்துக்காரர்கள், ஆசாரிகள் இன்னொரு பக்கம். பழைய செட்டிநாட்டு வீட்டைப் பழுது பார்க்கும் வீட்டுக்காரர்கள் மூன்றாவது. ஆள் மாறினாலும் கேள்வி அதிகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

விதிகள் பெரும்பாலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்தவை. பள்ளி, கல்லூரிகளுக்கான எஸ்பி 46 (2003 பதிப்பு), அளவிடுதலுக்கென்றே உள்ள ஐ.எஸ். 11669, கட்டட வரைபடங்களுக்கான ஐ.எஸ். 962 ஆகிய மூன்றும் இங்கே வந்துபோகும். உதாரணங்கள் மட்டும் நம் ஊர்ச் சரக்கு.

"ஸ்கேலுக்குத்தான் வரைஞ்சிருக்கேனே சார், அப்புறம் எதுக்கு அளவு வேற எழுதணும்?"

ஸ்கேலுக்கு வரைந்த படம் வடிவத்தைக் காட்டும். அளவைச் சொல்வது எழுதிய எண்தான். 1:100 ஸ்கேலில் அரை மி.மீ. என்பது ஒரு பென்சில் கோட்டின் தடிமன். தளத்தில் அதுவே 50 மி.மீ. ஆகிவிடும். இரண்டு அங்குலம் தள்ளி நிலை வைத்தால் யார் பொறுப்பு?

இதில் ஜெராக்ஸ் எடுத்தால் தாள் சுருங்கும், விரியும். இப்போதெல்லாம் பாதிப் படங்கள் வாட்ஸ்அப்பில் போட்டோவாகத்தான் போகின்றன. அதில் ஸ்கேல் வைத்து அளக்க வழியே இல்லை. அதனால்தான் தாளின் ஓரத்தில் "படத்தை அளக்காதே, எழுதிய அளவையே பின்பற்று" என்று குறிப்புப் போடுவது. எண்ணும் படமும் முரண்பட்டால் எண்தான் செல்லும். இன்னொன்று: எழுதும் எண் எப்போதும் பொருளின் உண்மை அளவு. தாளில் 80 மி.மீ. நீளமாக வரைந்த சுவருக்கு, 1:50 என்றால், 4000 என்றுதான் எழுத வேண்டும்.

"அளவு போட எத்தனை வகைக் கோடு? எல்லாத்துக்கும் ஒரே பென்சில் போதுமா?"

போதாது. பொருளின் விளிம்புக்கோடு தடிமனாக இருக்க வேண்டும். அளவு சம்பந்தப்பட்டது எல்லாமே மெல்லிசாக இருக்க வேண்டும். தடிமனுக்கும் மெல்லிசுக்கும் குறைந்தது இரண்டுக்கு ஒன்று விகிதம். 0.5 மி.மீ. விளிம்பு என்றால் 0.25 மி.மீ. அளவுக்கோடு. இரண்டும் ஒரே கனத்தில் இருந்தால் எது சுவர், எது அளவு என்று கொத்தனார் குழம்பிப் போவார்.

மெல்லிய கோடுகள் மூன்று. இரண்டு முனையிலும் அம்புக்குறியோடு எண்ணைத் தாங்குவது டைமென்ஷன் லைன். பொருளிலிருந்து வெளியே வந்து அதற்கு எல்லை காட்டுவது எக்ஸ்டென்ஷன் லைன். துளை, குறிப்பு என எதையாவது சாய்வாகச் சுட்டுவது லீடர். இனி இவற்றை அளவுக்கோடு, நீட்டுக்கோடு, லீடர் என்றே எழுதுகிறேன்.

விளிம்பிலிருந்து முதல் அளவுக்கோடு 8 முதல் 10 மி.மீ. தள்ளி இருக்கட்டும். நீட்டுக்கோடு அளவுக்கோட்டைத் தாண்டி 2, 3 மி.மீ. நீளட்டும். நீட்டுக்கோட்டை விளிம்பைத் தொட்டு ஆரம்பிப்பதா, சின்ன இடைவெளி விடுவதா என்று சண்டையே நடக்கும். நம் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் தொட்டே வரும், அமெரிக்க முறையில் இடைவெளி விடுவார்கள். உங்கள் ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள், இதற்காக மதிப்பெண் இழக்க வேண்டாம்.

"அம்புக்குறி எவ்வளவு பெரிசு? வீட்டு பிளான்ல அம்பே இல்லையே, சாய்கோடுதானே இருக்கு?"

நீளத்துக்கு அகலம் மூன்றில் ஒரு பங்கு. சாதாரணத் தாளில் 3 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம். கூராக, உள்ளே நிரப்பி, முனை நீட்டுக்கோட்டைச் சரியாகத் தொட வேண்டும். வி மாதிரி வாய் பிளந்த அம்பு பார்க்க அசிங்கமாக இருப்பதோடு எங்கே முடிகிறது என்றும் தெரியாது.

கட்டடப் படங்களில் 45 பாகையில் ஒரு சின்னச் சாய்கோடு போடும் வழக்கம் உண்டு, அதுவும் முறைதான். இடம் நெருக்கடியாக இருந்தால் அம்புகளை வெளியிலிருந்து உள்நோக்கிப் போடலாம், அதற்கும் இடமில்லையென்றால் புள்ளி வைக்கலாம். ஆனால் ஒரே தாளில் பாதி அம்பு, பாதி சாய்கோடு என்று கலக்கக் கூடாது.

"எண்ணைக் கோட்டுக்கு மேல எழுதணுமா, கோட்டை வெட்டி நடுவுல எழுதணுமா?"

இரண்டு முறை உண்டு. முதலாவது அலைன்டு: அளவுக்கோடு முழுதாக ஓடும், எண் அதன் மேலே, நடுவில், கோட்டைத் தொடாமல் உட்காரும். தாளைக் கீழ்ப்பக்கமிருந்தோ வலப்பக்கமிருந்தோ பார்த்தால் படிக்க வர வேண்டும். இரண்டாவது யூனிடைரக்‌ஷனல்: எல்லா எண்ணும் நேராக நிற்கும், கிடையாக இல்லாத அளவுக்கோடுகளை நடுவில் வெட்டி எண்ணை வைப்பார்கள். பெரிய தாளில் கழுத்தைத் திருப்பாமல் படிக்க இது வசதி. நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் முதல் முறை.

முதல் முறையில் பிள்ளைகள் வழுக்கி விழுவது செங்குத்து அளவில். எண் எப்போதும் செங்குத்துக் கோட்டின் இடப்பக்கம், கீழிருந்து மேலாக ஏறும். கோடு படத்துக்கு இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அதேதான். சமச்சீராக இருக்கட்டும் என்று வலப்பக்க அளவைத் திருப்பிப் போட்டால், தாளை இடப்பக்கமிருந்து படிக்க வேண்டியதாகிவிடும்.

"ஒவ்வொரு எண்ணுக்கும் மி.மீ.ன்னு எழுதணுமா?"

வேண்டாம். டைட்டில் பிளாக்கில், அதாவது படத்தின் பெயர், ஸ்கேல் எல்லாம் எழுதும் கட்டத்தில், "எல்லா அளவுகளும் மி.மீ." என்று ஒரே ஒரு முறை. ஏதாவது ஓர் அளவு வேறு அலகில் வந்தால் அதற்கு மட்டும் அலகைச் சேர்த்து எழுதுங்கள். ஒன்றுக்குக் கீழே வந்தால் 0.5 என்று முன்னால் சுழியம் கட்டாயம். வெறும் புள்ளி மட்டும் போட்டால் அது ஜெராக்ஸில் காணாமல் போய் 5 ஆகிவிடும்.

"ஆசாரிக்கு அடி, அங்குலம், நூல்தான் புரியும். மி.மீ.ல குடுத்தா வேலை நடக்குமா அண்ணே?"

நடக்கும், டேப்பில் இரண்டு பக்கமும் இருக்கிறது. சிக்கல் மாற்றுவதில்தான் வருகிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால் ஒரு நூல் 3.175 மி.மீ. இதைக் "கிட்டத்தட்ட 25" என்று வைத்துப் பெருக்குகிறவர்கள் நிறைய. ஏழடிக் கதவு 84 அங்குலம். 25-ஆல் பெருக்கினால் 2100, 25.4-ஆல் பெருக்கினால் 2133.6. வித்தியாசம் 33.6 மி.மீ., அதாவது பத்து நூலுக்கும் மேலே. அந்தக் கதவை நிலையில் மாட்டினால் மேலே ஒரு விரல் நுழையும்.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை மெட்ரிக் வருவதற்கு முன்னால் கட்டியவை. எடை, அளவுத் தரச் சட்டம் வந்ததே 1956-ல்தான். அதனால் பழைய மரவேலை அடிக்கணக்கில் அழகாகப் பொருந்தும், மி.மீ.ல் அளந்தால் 1067, 2134 என்று கோணலான எண் வரும். வந்தால் வரட்டும். அதை 1050, 2100 என்று "நேராக்கி" எழுதாதீர்கள். இருக்கிற பொருளை அளக்கும்போது இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

ஆசாரிக்கு வசதி செய்ய வேண்டும் என்றால் தாளின் மூலையில் தனியாக ஒரு அட்டவணை போட்டு அடி-அங்குலக் கணக்கைக் கொடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அங்குலம் எழுதும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அடைப்புக்குறிக்கு டிராயிங்கில் வேறு வேலை இருக்கிறது. திருவள்ளுவர் சிலை பற்றிய கேள்வியில் அது வரும்.

"எதுக்கு விட்டம் போடணும், எதுக்கு ஆரம் போடணும்?"

முழு வட்டம் என்றால் விட்டம், வட்டத்தின் ஒரு துண்டு என்றால் ஆரம். விட்டத்துக்கு எண்ணுக்கு முன்னால் ⌀, ஆரத்துக்கு முன்னால் ஆங்கில எழுத்தான 'ஆர்'. காரணம் எளிது: முழு வட்டமான பொருளைக் கையில் வைத்து விட்டத்தைத்தான் அளக்க முடியும், மையம் காற்றில் இருக்கும், அதிலிருந்து ஆரத்தை அளக்க முடியாது. ஆரத்துக்கு ஒரே ஓர் அம்பு, அது வளைவைத் தொடும் முனையில்.

பட்டாலைத் (செட்டிநாட்டு வீட்டுக் கூடம்) தூணுக்கு அதன் எலிவேஷனில், அதாவது நேரே நின்று பார்க்கும் படத்தில், ⌀300 என்று போட்டால் போதும். படத்தில் செவ்வகமாகத் தெரிந்தாலும் பொருள் உருண்டை என்று அந்தக் குறி சொல்லிவிடும். தூணின் அடிப்பாகம் சதுரம் என்றால் □350. இந்த இரண்டு குறியும் இருந்தால் மேலிருந்து பார்க்கும் பிளானைத் தனியாக வரைய வேண்டிய வேலையே மிச்சம். தூண் மேலே போகப்போகச் சிறுத்தால் அடியில் ஒரு விட்டம், உச்சியில் ஒரு விட்டம் கொடுங்கள்.

நிற்கிற தூணின் விட்டத்தை எப்படி அளப்பது என்றும் கேட்பார்கள். பெரிய காலிப்பர் இல்லையென்றால் நூலைச் சுற்றிச் சுற்றளவை எடுத்து 3.1416-ஆல் வகுக்க வேண்டியதுதான். 942 வந்தால் விட்டம் 300. நூல் சாய்வாகச் சுற்றினால் அளவு கூடிவிடும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் சுற்றிப் பாருங்கள்.

"முகப்பு வளைவுக்கு மையம் எங்கேன்னே தெரியலை. ஆரம் எப்படிப் போடறது?"

அளக்க முடிந்ததைப் போடுங்கள். வளைவின் கால்களுக்கு நடுவே உள்ள அகலமும், அந்த மட்டத்திலிருந்து உச்சி வரை உள்ள உயரமும் டேப்புக்கு எட்டும். அகலம் 1200, உயரம் 200 என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலத்தின் வர்க்கம் 3,60,000. உயரத்தின் வர்க்கம் 40,000. இரண்டையும் கூட்டி உயரத்தின் இரு மடங்கான 400-ஆல் வகுத்தால் ஆரம் 1000. இது ஒரே வட்டத்தின் துண்டாக இருந்தால்தான் பொருந்தும். கூர் வளைவுகளுக்கும் பல்வளைவுகளுக்கும் ஒவ்வொரு துண்டாகத்தான் எடுக்க வேண்டும்.

மையம் தாளுக்கு வெளியே விழுந்தால் ஆரக்கோட்டை நடுவில் ஒரு மடிப்பு மடித்துக் காட்டலாம். வளைவைத் தொடும் பகுதி மட்டும் உண்மையான மையத்தை நோக்கியிருக்க வேண்டும்.

"பிளான்லயும் எலிவேஷன்லயும் ஒரே அளவைப் போட்டா நல்லதுதானே, பாக்கறவருக்கு வசதி?"

இப்போது வசதி, அளவு மாறும்போது வினை. ஓர் அளவை ஓரிடத்தில்தான் போட வேண்டும். ஜன்னல் அகலம் 900 என்று இரண்டு இடத்தில் இருந்து, வீட்டுக்காரர் 1000 கேட்டு, நீங்கள் ஒன்றை மட்டும் திருத்தினால், கொத்தனார் ஒரு தாளைப் பார்ப்பார், ஆசாரி இன்னொன்றைப் பார்ப்பார்.

எந்த இடத்தில் போடுவது? வடிவம் எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே. துளை வட்டமாகத் தெரியும் பார்வையில் அதன் இருப்பிடம்; ஆழம், பொருளை வெட்டி உள்ளே காட்டும் படமான செக்‌ஷனில். புள்ளிக்கோடாக மறைந்து தெரியும் விளிம்புக்கு அளவு போடாமல் ஒரு செக்‌ஷன் வெட்டிக் காட்டுங்கள்.

"சின்ன அளவு எல்லாத்தையும் போட்டுட்டு மொத்தத்தையும் போட்டேன். சார் ஏன் சிவப்பு மையில அடிச்சார்?"

மொத்தத்தைப் போட்டதற்காக அல்ல, எல்லாவற்றையும் போட்டதற்காக. மூன்று துண்டும் மொத்தமும் தெரிந்தால் ஓர் எண் அதிகம். செய்யும்போது ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் கூடும், குறையும். எல்லாம் எழுதியிருந்தால் எதை விட்டுக்கொடுப்பது என்று செய்பவருக்குத் தெரியாது. அதனால் முக்கியத்துவம் குறைந்த ஒரு துண்டை எழுதாமல் விட வேண்டும். கூடுதல் குறைச்சல் எல்லாம் அதில் போய் அடங்கிவிடும்.

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வடித்த கணபதி ஸ்தபதி நம் பிள்ளையார்பட்டிக்காரர். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேர்ந்து 95. மூன்று எண்ணுக்குமே அர்த்தம் இருப்பதால் எதையும் விட மனசு வராது. ஆனால் டிராயிங்காகப் போட்டால் 38, 95 இரண்டையும் அப்படியே எழுதி, மொத்தத்தை (133) என்று அடைப்புக்குறிக்குள் கொடுக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பது தகவலுக்காக மட்டும். அதை வைத்துச் செய்யவும் கூடாது, சோதிக்கவும் கூடாது. துணை அளவு என்று இதைச் சொல்வார்கள். முகப்பு வளைவுக்குக் கணக்குப் போட்டு எடுத்த ஆரத்தையும் இப்படித்தான் எழுத வேண்டும்.

"வரிசையா ஒண்ணு பின்னால ஒண்ணு போடறது நல்லதா, எல்லாத்தையும் ஒரே இடத்திலிருந்து போடறதா?"

செயின் முறையும் பேரலல் முறையும் இரண்டுமே சரி, எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம். வளவில் (முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம்) ஒரு வரிசையில் ஆறு தூண் நிற்கிறது, நடுவில் ஐந்து இடைவெளி, ஒவ்வொன்றும் 2100. இதைச் செயினாகப் போட்டு, ஒவ்வோர் இடைவெளியிலும் 2 மி.மீ. தவறினால், எல்லாத் தவறும் ஒரே பக்கம் சேர்ந்தால் கடைசித் தூண் 10 மி.மீ. தள்ளி நிற்கும். முதல் தூணிலிருந்தே 2100, 4200, 6300, 8400, 10500 என்று போட்டால் எந்தத் தூணும் 2 மி.மீ.க்கு மேல் தவறாது. பக்கத்துப் பக்கத்து இடைவெளிதான் முக்கியம் என்றால் செயின். ஓர் ஓரத்திலிருந்து இருப்பிடம்தான் முக்கியம் என்றால் பேரலல்.

பேரலலில் அடுக்கடுக்காகக் கோடு வந்து இடத்தை அடைக்கும். அதற்கு ஒரு குறுக்கு வழி: ஒரே கோட்டில், ஆரம்பப் புள்ளியில் 0 வைத்து, ஒவ்வொரு நீட்டுக்கோட்டின் பக்கத்திலும் அதுவரையிலான மொத்தத்தை எழுதிக்கொண்டே போவது. அம்பு ஒரு பக்கம் மட்டும். பழைய வீட்டை அளக்கப் போனால் இதைத்தான் செய்யுங்கள். டேப்பின் கொக்கியை ஒரு மூலையில் மாட்டிவிட்டு, கதவு ஆரம்பம், கதவு முடிவு, ஜன்னல் ஆரம்பம் என்று டேப்பை எடுக்காமலே படித்துப் போகலாம். ஒவ்வொரு தடவையும் டேப்பை எடுத்து வைத்தால் தூண் கதைதான்.

"கோட்டுக்கு மேல கோடு வெட்டி சிலந்தி வலை மாதிரி ஆயிடுது. என்ன பண்ண?"

சின்ன அளவு படத்துக்குக் கிட்டே, பெரிய அளவு வெளியே. இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வெட்டு போய்விடும். நீட்டுக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டலாம், தப்பில்லை. அளவுக்கோட்டை எதுவும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கோட்டையோ மையக்கோட்டையோ அளவுக்கோடாகப் பயன்படுத்தக் கூடாது; ஆனால் மையக்கோட்டை நீட்டி நீட்டுக்கோடாக வைத்துக்கொள்ளலாம். முடிந்தவரை அளவுகளைப் படத்துக்கு வெளியே வையுங்கள்.

"ஒரே மாதிரி எட்டுத் துளை இருக்கு. எட்டுக்கும் அளவு போடணுமா?"

ஒன்றுக்குப் போட்டு 8 × ⌀12 என்று எழுதினால் போதும். வட்டத்தில் சம இடைவெளியில் இருந்தால் துளை மையங்கள் செல்லும் வட்டத்தின் விட்டத்தைக் கொடுத்துவிட்டுச் "சம இடைவெளி" என்று குறிப்பு.

நேர்வரிசைக்கு ஜன்னல் கம்பி நல்ல உதாரணம். 900 அகலத்தில் ஒன்பது கம்பி என்றால் இடைவெளி பத்து. 10 × 90 (=900) என்று எழுதுவது முறை. அந்த 90 கம்பியின் மையத்திலிருந்து மையத்துக்கு. முதலும் கடைசியும் மட்டும் நிலையின் உள்முகத்திலிருந்து கம்பியின் மையத்துக்கு. கம்பியை எண்ணி 9-ஆல் வகுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய நிலை ஒண்ணு வாங்கினோம் தம்பி. அகலம் மூணரை அடின்னாங்க. சுவர்ல எவ்வளவு விடணும்?"

ஆச்சிமார் கேட்கிற கேள்வி இது, ரொம்பச் சரியான கேள்வி. பழைய சாமான் கடையில் மூணரை அடி என்று சொன்னால் அது எந்த அகலம் என்று முதலில் கேட்க வேண்டும். நிலைக்கு மூன்று அகலம் உண்டு: மரத்தின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம், ஆள் நுழையும் உள்வாய், இரண்டு கதவும் மூடியிருக்கும்போது கதவுகளின் அகலம். பர்மா தேக்கில் செய்த பழைய நிலைகளில் மரமே கனமாக இருக்கும். ஒரு பக்கம் 150 மி.மீ. என்றால் வெளி அகலத்துக்கும் உள்வாய்க்கும் 300 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும்.

அதனால் படத்தில் நீட்டுக்கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. வெளி அகலம் ஒன்று, மரத்தின் கனம் ஒன்று, இரண்டையும் போட்டு உள்வாயை அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். சுவரில் விட வேண்டிய திறப்பைத் தனியாகக் கட்டடப் படத்தில் காட்டுங்கள், வெளி அகலத்தோடு பூச்சுக்கும் ஆப்புக்கும் இடம் சேர்த்து. கடையில் நிற்கும்போதே மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் அளந்துவிடுங்கள். பழைய மரம் சாய்ந்திருக்கும்.

"நாலு பக்கமும் சரியாத்தான் அளந்தேன். ஆனா கம்ப்யூட்டர்ல ரூம் மூட மாட்டேங்குதே?"

நாலு பக்க அளவு மட்டும் ஓர் அறையைக் கட்டிப் போடாது. அதே நாலு பக்கத்தை வைத்துச் செவ்வகமும் வரையலாம், சாய்ந்த வடிவமும் வரையலாம். மூலைவிட்டம் ஒன்று வேண்டும். இரண்டாவது மூலைவிட்டம் எடுத்தால் அது சரிபார்க்க உதவும். 4000-க்கு 3000 அறையில் மூலைவிட்டம் 5000 வந்தால் மூலை செங்கோணம். 5020 வந்தால் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் நாலு மூலையும் 90 பாகை என்று முதலிலேயே முடிவு செய்து வரைந்திருப்பீர்கள், அதனால்தான் கடைசிக் கோடு போய்ச் சேரவில்லை. எதிரெதிர்ப் பக்கங்கள் 4000, 4015 என்று இருப்பதெல்லாம் பழைய வீட்டில் சாதாரணம்.

"ஆத்தங்குடி டைல்ஸ் போடப் போறோம். பிளான்ல இருக்கற 4000-ஐ வச்சு எத்தனை டைல்ஸ்னு சொல்லலாமா?"

அந்த 4000 செங்கல்லிலிருந்து செங்கல்லா, பூச்சிலிருந்து பூச்சா என்று பாருங்கள். கட்டடப் படங்களில் பெரும்பாலும் பூச்சுக்கு முந்தைய அளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் 15 மி.மீ. பூச்சு என்றால் மிச்சம் 3970. எதுவென்று தாளில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் வரைந்தவரைக் கேளுங்கள்.

10 அங்குல டைல்ஸ் 254 மி.மீ. பதினைந்து வைத்தால் 3810, மிச்சம் 160. சுவரிலிருந்து ஆரம்பித்தால் அந்த 160 துண்டு முழுக்க ஒரே பக்கம் விழுந்து பூவேலை கோணிக்கொள்ளும். அறையின் மையக்கோட்டை ஆதாரமாக வைத்து இரண்டு பக்கமும் பரப்பினால் பக்கத்துக்கு 80. ஆகவே இங்கே அளவுகள் சுவரிலிருந்து அல்ல, மையக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும். கண்ணாடித் தட்டின்மேல் கையால் வார்க்கும் டைல்ஸ் என்பதால் ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் இருக்கும். பதினைந்தையும் தரையில் அடுக்கி மொத்தத்தை ஒரு தடவை அளந்துவிட்டுக் கோடு போடுங்கள்.

"திண்ணை உயரம், முற்றத்துப் பள்ளம் எல்லாம் அளவுக்கோடு போட்டுக் காட்டணுமா?"

ஒரு மட்டத்தை 0 என்று வைத்துக்கொண்டு மற்றதை அதிலிருந்து கூட்டல், கழித்தல் குறியோடு எழுதுவதுதான் சுத்தம். தெரு மட்டம் ±0.000, திண்ணை +0.750, வளவு +0.900, முற்றத் தளம் +0.600 என்பது போல. மட்டங்களை மீட்டரில் மூன்று தசமத்தோடு எழுதுவது வழக்கம், மி.மீ. அளவுகளோடு குழம்பாது. முற்றத்துக்குத் தண்ணீர் ஓட்டம் இருப்பதால் ஓர் எண் போதாது. ஓரத்திலும் வடிகால் வாயிலும் இரண்டு மட்டம் கொடுத்து, ஓட்டத்தின் திசைக்கு ஓர் அம்பு போடுங்கள்.

"கடைசி நேரத்துல ஓர் அளவு மாறிப்போச்சு. முழுப் படத்தையும் திரும்ப வரையணுமா?"

நேரம் இல்லையென்றால் எண்ணை மட்டும் மாற்றி, அதன் கீழே ஒரு தடித்த கோடு போடலாம். "இந்த அளவு ஸ்கேலுக்கு வரையப்படவில்லை" என்று அதற்கு அர்த்தம். திருத்த அட்டவணையில் தேதியும் மாற்றமும் எழுத மறக்காதீர்கள்.

கணினியில் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் இதே வேலையை அளவின் மேல் வேறு எண்ணைத் தட்டிச் செய்கிறார்கள். அடிக்கோடும் இருக்காது. அடுத்து அந்தக் கோப்பை எடுப்பவர் படத்தை நம்பி அளந்து ஏமாறுவார். கணினியில் வரைகிறவர்களுக்குப் படத்தை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. மாற்றிவிடுங்கள்.

"ஆட்டோகேட் தானா 1066.7998னு போடுது. அதை அப்படியே விட்டா துல்லியம்தானே?"

துல்லியம் மாதிரித் தெரியும், அவ்வளவுதான். மரத்தை எந்த ஆசாரியும் ஒரு மி.மீ.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு அறுக்கப் போவதில்லை. தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதே செய்பவருக்கு ஒரு சேதி. மரவேலைக்கும் கட்டடத்துக்கும் முழு மி.மீ. போதும். லேத்தில் பேரிங் உட்காரும் இடத்துக்கு இரண்டு தசமம் தேவைப்படலாம், அதே தண்டின் சும்மா இருக்கும் பகுதிக்குத் தேவையில்லை. டைமென்ஷன் ஸ்டைலில் துல்லியத்தைக் குறைத்து வைத்துவிடுங்கள்.

"அப்ப எல்லா அளவுக்கும் ± போட்டுட்டா பாதுகாப்புதானே?"

ஓர் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்வது ±. எல்லாவற்றுக்கும் ஒரே ± போடுவதால் பாதுகாப்பு வராது, செலவுதான் வரும். எந்த அளவு பொருந்த வேண்டியதோ அதைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் இறுக்கிப் போட வேண்டும். மற்றதற்குத் தாளின் மூலையில் ஒரு பொதுக் குறிப்பு போதும்.

நம் பழைய கதவுகள் கீல் இல்லாமல் குடுமியில், அதாவது கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டியிருக்கும் உருண்டை முனையில், சுற்றும். குடுமி ⌀40, அது உட்காரும் குழியும் ⌀40, இரண்டுக்கும் ±0.5 என்று போட்டால் என்ன ஆகும்? குடுமி 40.5 ஆகவும் குழி 39.5 ஆகவும் வரலாம். இரண்டுமே டிராயிங்படி சரி, கதவு மட்டும் மாட்டாது. இங்கே குறி இரண்டு பக்கமும் சமமாக இருக்கக் கூடாது. குழிக்கு 41, அதன்மேல் கூடுதல் 1, குறைச்சல் 0. குடுமிக்கு 40, கூடுதல் 0, குறைச்சல் 1. இப்படிக் கொடுத்தால் மோசமான நிலையிலும் 1 மி.மீ. இடைவெளி இருக்கும், அதிகபட்சம் 3 மி.மீ. தாண்டாது. குடுமியின் நீளத்துக்கோ குழியைச் சுற்றியுள்ள மரத்தின் அகலத்துக்கோ இந்தக் கவனம் வேண்டாம்.

ஆடி மாதக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் மரம் ஊதும், சுருங்கும். தேக்கிலும் அது உண்டு. அந்த 3 மி.மீ.யை 1 ஆக இறுக்கச் சொல்லி யாராவது கேட்டால், மழைக்காலத்தில் கதவு யார் வீட்டில் சிக்கிக்கொள்ளப் போகிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.